நம் இல்லம்: அஞ்சி ஒடுங்கும் நாய்க்குட்டி

மார்கழி முடிந்து தை பிறக்கும் நாள்களில் நாகபுரி போன்ற ஊர்களின் ரயில்வே குடியிருப்புகளில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். குளிர் தொடங்கியதும் தெருநாய்கள் ஈன்ற குட்டிகள் மாடிப்படியின் அடியிலும், தண்ணீர்த்தொட்டியின் ஓரத்திலும் கண்விழித்துத் தள்ளாடி நடக்கத் தொடங்கும். பள்ளி விட்டு வரும் சிறுவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வான். தாய் கடிந்துகொள்வாள். தந்தை முகம் சுளிப்பார். மூன்றாம் நாள் அவரே கடைக்குச் சென்று குட்டிக்கு ஒரு தட்டு வாங்கி வருவார்.

இம்மாதம் அவ்வாறு வீடு வந்த குட்டியைப் பற்றியே எழுதக் கருதினோம். அதற்குக் காரணம் உண்டு. அன்பர்கள் சிலர் நம்மைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரே முறையீட்டைக் கூறுகின்றனர். குட்டி உண்ண மறுக்கிறது, கட்டிலின் அடியை விட்டு வெளிவரவில்லை, இரவெல்லாம் ஊளையிடுகிறது, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகின்றனர், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்கின்றனர். இந்தக் கடைசிக் கேள்விக்காகவே பேனாவை எடுத்தோம். பத்து நாள் கழித்துத் திரும்ப விடப்படும் குட்டிக்குப் பழைய இடம் பழைய இடமாக இராது. தாய் பாலை மறக்கச் செய்திருக்கும், உடன்பிறந்தவை சிதறியிருக்கும். மனிதர் கையால் உண்ணக் கற்றுக்கொண்ட அச்சிற்றுயிர், தெருவில் தானே தேடி உண்ணக் கற்றிராது. ஆதலின் விட்டுவிடுவதற்கு முன், அது ஏன் அஞ்சுகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம்.

நாம் கால்நடை மருத்துவம் பயின்றோமல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் பணி செய்து வருகிறோம். ஆயினும் அவ்வலுவலகத்தின் வழியாகப் பெட்டியிலும் சங்கிலியிலும் வந்துபோகும் நாய்களைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். வீட்டிலும் ஒன்று வளர்கிறது. கண்டதும், மருத்துவரிடம் கேட்டதும், நூல்களில் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

அச்சமுற்ற குட்டிக்கு முதன்முதல் வேண்டுவது அன்பன்று, அமைதி. இவ்வுண்மை பலருக்குக் கசப்பாக இருக்கும். குட்டி வந்த செய்தி அரை மணிக்குள் குடியிருப்பு முழுதும் பரவிவிடுகிறது. பத்துக் குழந்தைகள் சூழ்ந்து நிற்பர். ஒருவன் தூக்குவான், ஒருத்தி முத்தமிடுவாள், ஒருவன் வாலைப் பிடித்து ஆணா பெண்ணா என்று ஆராய்வான், மற்றொருவன் கைப்பேசியை அதன் மூக்கருகில் நீட்டிப் படமெடுப்பான். அனைவரும் அன்பினாலேயே செய்கின்றனர். ஆயினும் அன்று காலை வரை தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்த குட்டிக்கு அவர்கள் யாவரும் முகமறியாப் பூதங்கள். நாம் முதன்முதல் ஊரைவிட்டு இங்கு வந்து இறங்கியபோது, மொழி விளங்காமல், பெட்டியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு நடைமேடையில் நின்ற நாளை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அப்பொழுது பத்துப் பேர் நம்மைத் தூக்கிக் கொஞ்சியிருந்தால் நமக்கும் ஓடி ஒளியவே தோன்றியிருக்கும்.

குட்டி அஞ்சுவதை எப்படி அறிவது? வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொள்வதும் உடல் நடுங்குவதும் யாவரும் அறிந்த குறிகள். அறியாத குறிகளும் சில உண்டு. உணவு எதிரில் இல்லாதபோதும் உதட்டை நக்கிக்கொள்ளுதல், உறக்கம் வாராதபோதும் கொட்டாவி விடுதல், முகத்தை அப்புறம் திருப்பிக்கொள்ளுதல், வெண்விழி தெரியக் கடைக்கண்ணால் நோக்குதல் ஆகியவை அவை. இவை எல்லாம் 'என்னைச் சற்று விடுங்கள்' என்று நாய் தன் மொழியில் கூறுவன. இவற்றைக் கேளாதபோது உறுமும். உறுமலையும் கேளாதபோது கடிக்கும். உறுமியதற்காக நாயை அடிப்பார் உளர். அது பெருந்தவறு. அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்திக்கொள்ளுமேயன்றி அஞ்சுவதை நிறுத்தாது. பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பின்றிக் கடித்துவிடும்.

ஆகவே முதல் மூன்று நாள் விருந்தினர் வேண்டா. நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, உள்ளே பழம்புடைவையை மடித்துப் போடுங்கள். அடுக்களை வழியிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலும் வேண்டா. குட்டி அப்பெட்டிக்குள் இருக்கும்போது கையை நீட்டி இழுக்கக் கூடாது என்பதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் சட்டமாக்குங்கள். அது ஒன்றே அதற்கு உரிய இடம். பூசையறைப் பக்கம் அது வருதல் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் கருதினால், ஒரு பலகைத் தடுப்பு வைத்தால் போதும். எந்த எல்லையையும் முதல் நாளிலிருந்தே மாறாமல் காட்டினால் குட்டி விரைவில் கற்றுக்கொள்ளும்.

குட்டியோடு பழக விரும்புகிறவர் தரையில் அமர்க. எதிரே அமர வேண்டா. பக்கவாட்டில் திரும்பி, அதன் கண்ணை நோக்காமல், நாளிதழ் படித்துக்கொண்டு அமர்ந்தால் நன்று. குட்டியின் மேல் குனிந்து தலையில் கை வைப்பது நமக்கு வாழ்த்து, அதற்கு அச்சுறுத்தல். கையைத் தாழ வைத்துக்கொண்டு, அது தானாக வந்து மோந்து பார்க்கும் வரை காத்திருங்கள். வந்தால் மார்பின் ஓரத்தில் இலேசாகத் தடவிவிட்டு நிறுத்துங்கள். இன்னும் வேண்டுமென்றால் அது நெருங்கி வரும், வேண்டாவென்றால் போய்விடும். போகும் உரிமை தனக்கு உண்டு என்று அறிந்த குட்டியே திரும்பி வருகிறது. சில குட்டிகளுக்கு இதற்கு ஒரு நாள் போதும். சிலவற்றுக்கு மூன்று வாரம் ஆகும்.

நம் வீட்டு மணி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அஜ்னிப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையின் பலகையடியில் பிறந்தது. ஏறத்தாழ எட்டு வாரக் குட்டியாக வீட்டுக்கு வந்தது. எஞ்சின் ஊதும் ஒலிக்கு அது காதைக்கூட அசைக்காது. நள்ளிரவில் பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும்போது சன்னல் நடுங்கும், குட்டி நடுங்காது. பிறந்த நாள் முதல் கேட்டுப் பழகிய தாலாட்டன்றோ அது! ஆனால் நம் மனைவியார் அடுப்பில் ஏற்றிய குக்கர் ஒரு முறை சீறியதும் அது கட்டிலடியில் புகுந்து இரவு வரை வெளிவரவில்லை. எது அச்சம் தரும், எது தராது என்பதை நம் அளவுகோலால் அளத்தல் இயலாது என்பதை அன்று கண்டோம்.

மற்றொன்று இதைவிட வியப்பானது. நம் பெண் ஆறு வயதினள். சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்கிறாள். மாலை வேளையில் பாடநூலை விரித்து, 'அம்மா, ஆடு, இலை' என்று உரக்கப் படிப்பது வழக்கம். 'அம்மா' என்னும்போது மணி வாளா இருக்கும். 'ஆடு' என்றதும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து மறையும். 'இலை'க்கும் 'ஈ'க்கும் அது வெளியே வாராது. இரண்டு மாலை இவ்வாறு நிகழ்ந்தது. குழந்தைக்கு அழுகையே வந்துவிட்டது; தன் தமிழ் குட்டிக்குப் பிடிக்கவில்லை என்று முறையிட்டாள். பால் கொண்டுவரும் மராட்டிய மூதாட்டியார் மூன்றாம் மாலை வாசலில் நின்று இதனைக் கண்டு நகைத்தார். இந்நாட்டில் நாயை விரட்டுவோர் 'ஹாட், ஹாட்' என்பர். தேநீர்க் கடை வாசலில் அச்சொல்லை நாளும் பன்முறை கேட்டு, அதன் பின்னே வந்த கல்லையும் கொதிநீரையும் அறிந்த குட்டிக்கு நம் ஆட்டுக்கும் மராட்டியரின் அதட்டலுக்கும் வேற்றுமை எப்படித் தெரியும்?

குழந்தையின் படிப்பை நிறுத்துவதா? அஃது ஆகாது. சொல்லின் மீதுள்ள அச்சத்தை மாற்றுவதே வழி என்று கால்நடை மருத்துவர் கூறினார். அதன்படி அவள் கூடத்தின் மறு கோடியில் அமர்ந்து, மெல்லிய குரலில் 'ஆடு' என்பாள். சொன்னவுடன், வேக வைத்த முட்டையில் நகத்தளவு துண்டு ஒன்றைக் குட்டியின் பக்கம் உருட்டுவாள். சொல் முன்னே, துண்டு பின்னே, இம்முறை மாறலாகாது. நாள்தோறும் ஐந்து நிமிடம். நான்காம் நாள் குட்டி ஓடவில்லை, காதை மட்டும் தாழ்த்திற்று. பத்தாம் நாள் அச்சொல் கேட்டதும் துண்டு விழும் இடத்தை நோக்கிற்று. பிறகு சிறிது சிறிதாகக் குரலை உயர்த்தினாள். இருக்கையை அருகில் நகர்த்தினாள். மூன்று வாரத்தில் செய்தி தலைகீழாயிற்று. இன்று அவள் 'ஆ' என்று வாயைத் திறந்தாலே மணி வாலாட்டிக்கொண்டு எதிரே வந்து அமர்கிறது. நெடுங்கணக்கில் இரண்டாம் எழுத்து வரை கற்ற நாய் என்று நண்பர்கள் பரிகசிக்கின்றனர்.

குக்கருக்கும் இதே முறைதான். அது ஒலிக்கும் நேரத்தில் குட்டியை வீட்டின் மறு கோடியில் வைத்து, ஒலி எழுந்ததும் நல்லுணவு ஒரு துண்டு தருக. மிக்ஸிக்கும் கதவு மணிக்கும் இது பொருந்தும். தீபாவளி வெடிக்கு மட்டும் இது போதாது; அன்று சன்னல்களை அடைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, பெட்டியின் மேல் கனத்த போர்வையைப் போர்த்தி, அருகில் ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும். அச்சத்தோடு ஒண்டும் நாயைத் தடவிக்கொடுத்தால் அதன் அச்சம் வளரும் என்று பழையவர்கள் கூறுவதுண்டு. இக்காலத்து விலங்கு மருத்துவர்கள் அதனை ஒப்புவதில்லை. அது தானாக வந்து ஒண்டினால் தடவலாம். ஒளிந்திருப்பதை இழுத்து வந்து தடவுவதுதான் தீங்கு.

இம்முயற்சிகளுக்குக் காலவரை உண்டு என்பதை மறத்தலாகாது. அமெரிக்க நாட்டில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலத்தில்தான் குட்டியின் மனம் புதியவர்களையும் புதிய ஒலிகளையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதற்குள் மனிதரையே காணாமல் வளர்ந்த குட்டி, பின்னர் மனிதரை நம்புவது மிகக் கடினம். எட்டு வாரத்துக்குமுன் தாயைப் பிரித்தலும் தீது. உடன்பிறந்தவற்றோடு விளையாடியே, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. ஆக, எட்டாம் வாரத்தில் வந்த குட்டிக்கு நம் வீட்டில் கிடைக்கும் நல்ல காலம் மிகச் சிறிதே.

அந்தச் சிறிய காலத்திலேயே ஓர் இடரும் நிற்கிறது. பார்வோ என்னும் நச்சுயிரி 1978-ஆம் ஆண்டளவில் தோன்றி இரண்டொரு ஆண்டில் உலகெங்கும் பரவியது. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் அது பல மாதம் அழியாதிருக்கும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் நடக்கவிடுதல் ஆகாது. அதற்காக வீட்டுக்குள் பூட்டி வைத்தால் உலகமறியாமல் வளரும். இரண்டுக்கும் நடுவே வழி உண்டு: தோளில் தூக்கிச் செல்லுங்கள். பையில் வைத்து வாசற்படியில் அமர்ந்து, காய்கறி வண்டியையும், தொப்பி அணிந்தவரையும், குடை பிடித்தவரையும், மழலையையும் தொலைவிலிருந்து காணச் செய்யுங்கள். கால் மண்ணில் படாமலே கண்ணும் காதும் பழகும்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறாம் வாரம் வரை போடப்பெறும். வெறிநோய்க்கான ஊசி மூன்றாம் மாதத்தில். பின் மருத்துவர் கூறும் தவணைப்படி ஆண்டுதோறும். குடற்புழுவுக்கு மருந்தும் தர வேண்டும். நாகபுரியில் 1958-இல் நிறுவப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. பிற ஊர்களிலும் அரசினர் கால்நடை மருந்தகம் ஒன்றேனும் இருக்கும். வீடு வந்த மறுநாளே அங்குக் காட்டுதல் நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குட்டி முதல் நாள் உண்ணாமை அச்சத்தால் இருக்கலாம். ஆனால் வாந்தி, குருதி கலந்த நாற்றமுள்ள பேதி, தலை தூக்க இயலாச் சோர்வு ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அச்சம் என்று வாளா இராதீர்கள். பார்வோ கண்ட குட்டி ஓரிரு நாளில் இறந்துவிடும். உடனே நீரேற்றினால் பல பிழைக்கின்றன. விடியட்டும் என்று காத்திருந்ததால் போன குட்டிகள் நம் குடியிருப்பிலேயே உண்டு.

வெறிநோயைப் பற்றியும் ஒரு சொல். நம் பாட்டனார் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது வீட்டுக்கு வீடு அச்சுறுத்தும் செய்தியாக இருந்தது. அம்மருந்து ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. 1907-இல் தொடங்கப்பெற்ற குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் பெயரைத் தமிழ்நாட்டில் அக்காலத்தார் நன்கறிவர். அப்பழைய மருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று நான்கைந்து ஊசிகளே, அவையும் தோளில்தான். ஆயினும் பழைய அச்சத்தால் சிலர் கடியை மறைக்கின்றனர். குழந்தைகள் குட்டியை விரட்டிவிடுவார்களோ என்று மறைக்கின்றனர். தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி போடாத குட்டியின் பால்பல் கீறினாலும் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குட்டிதானே என்று எண்ணுதல் வேண்டா. நோய் வெளிப்பட்டபின் அதற்கு மருந்தில்லை. உண்மையைக் கூறினால் குட்டியை விரட்ட மாட்டோம் என்று குழந்தைகளுக்கு முன்பே வாக்களித்துவிடுங்கள்.

உணவு பற்றி மனைவியார் எழுதச் சொன்னது: தயிர்ச்சோற்றால் மட்டும் நாய் வளராது. வளரும் குட்டிக்குப் புரதம் மிகுதியாக வேண்டும். புலால் உண்ணா வீட்டார் முட்டைக்கேனும் இசைய வேண்டும். அதற்கும் இசையாதார் மருத்துவரைக் கேட்டுத் தக்க ஆயத்த உணவை வாங்குக. பசும்பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினால் பல குட்டிகளுக்குப் பேதியாகும். வெங்காயம் நாயின் குருதிக்கு நஞ்சு. எனவே நேற்றைய வெங்காயச் சாம்பாரைச் சோற்றில் பிசைந்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பண்டிகையன்று பாயசம் வழித்த பாத்திரத்தைக் குட்டியிடம் தராதீர்கள். சாக்லேட்டும் ஆகாது; வேக வைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக உணவு வைத்தால், அந்த ஒழுங்கே அதன் கலக்கத்தைப் பாதி போக்கிவிடும்.

இரவு அழுகையே பலரைச் சோதிப்பது. குட்டியைத் தாழ்வாரத்தில் தனியே கட்டி, 'அழுது ஓயட்டும்' என்பார் உளர். ஓய்வது உண்மைதான், களைத்து ஓயும். நாகபுரியின் தைக் குளிரில் அவ்வாறு விடுதல் கொடுமை. பெட்டியை முதல் சில இரவுகள் உங்கள் படுக்கையருகே வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி ஓரமாக வையுங்கள். அழுதால் ஒரு விரலை நீட்டினால் போதும். பிறகு நாளுக்கு ஒரு முழமாகப் பெட்டியை நகர்த்தி, விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். சின்னஞ்சிறு குட்டியால் இரவு முழுதும் சிறுநீரை அடக்க இயலாது. நடுவில் ஒரு முறையேனும் எழுந்து, கழிவுக்கென்று ஒதுக்கிய இடத்துக்குத் தூக்கிச் செல்லத்தான் வேண்டும். இரவுப் பணிக்குப் பழகிய ரயில்வேக் குடும்பங்களுக்கு இது பெரிதன்று. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடியதும் வெளியே கொண்டுசெல்க. தரையில் கழித்துவிட்டால் மூக்கை அதில் தேய்த்தல் மூடத்தனம். தன்னை ஏன் தண்டிக்கிறார்கள் என்று அறியாத குட்டி, அடுத்த முறை உங்கள் கண்ணுக்குப் படாத இடமாகத் தேடிக் கழிக்கும்.

குட்டியின் இனம் பற்றியும் சிலர் கேட்கின்றனர். கோடையில் 45 பாகையைத் தொடும் நாகபுரியில் பனிநாட்டு ஹஸ்கி நாயை வளர்ப்பவர்களைக் காணும்போது நமக்கு அந்நாயின் மீது இரக்கம் உண்டாகிறது. உடையவர் மீது வேறோர் உணர்ச்சி. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் சிலர் இராஜபாளையம் குட்டியைக் கொண்டுவருகின்றனர். அது பெருமைக்குரிய இனமே. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகள் நான்கனுள் இராஜபாளையமும் ஒன்று. ஆனால் அந்தப் பால்வெண் நிறத்தோடு பிறவிச் செவிடும் சிலவற்றுக்கு வந்துசேர்கிறது. அழைத்தால் வாராத, தொட்டால் திடுக்கிடும் வெள்ளைக் குட்டியை அச்சமுடையது என்று முடிவு கட்டுமுன், அது உங்களைக் காணாதபோது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

இனி, நம் போன்ற குடும்பங்களுக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டு வாழும். அக்காலத்துக்குள் நமக்கு மாற்றல் உத்தரவு எத்தனை முறை வரும்? வீட்டுச் சாமான் எல்லாம் ஏறியபின் நாய் மட்டும் வாசலில் நிற்பதைக் காண்பது புதிதன்று. பூட்டிய கதவின் முன்னே பதினொரு நாள் படுத்துக் கிடந்த ஒன்றை நாம் அறிவோம். சோறு வைத்தால் உண்டது, அழைத்தால் வரவில்லை. விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வளர்த்த விலங்கைக் கைவிடுதல் குற்றம். ஆயினும் பலர் கல்நெஞ்சத்தால் விட்டுச்செல்வதில்லை, வழி தெரியாமலே விட்டுச்செல்கின்றனர். வழி நம் அலுவலக மேசையிலேயே இருக்கிறது.

நாயை ரயிலில் கொண்டுசெல்ல இரண்டு முறைகள் உண்டு. குளிரூட்டிய முதல் வகுப்பில் இருவர் அல்லது நால்வருக்குரிய அறை முழுவதையும் பதிவு செய்துகொண்டால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம், செலவு மிகுதி. மற்றொன்று, கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டி. (2022 முதல் கார்டுக்கு ரயில் மேலாளர் என்று பெயர், நம் வாயில் கார்டு என்றே வருகிறது.) தூங்கும் வசதிப் பெட்டியிலும், குளிரூட்டிய இரண்டடுக்கு மூன்றடுக்குப் பெட்டிகளிலும் நாய்க்கு இடமில்லை, இருக்கைக்கு அடியில் மறைத்துச் சென்று பிடிபட்டால் கட்டணத்தின் மேல் தண்டமும் கட்ட நேரும். பதிவுக்குப் பார்சல் அலுவலகத்துக்கே வர வேண்டும். பயணச்சீட்டு, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, பயணத்துக்குச் சற்று முன் பெற்ற மருத்துவர் சான்று, கழுத்துப்பட்டை, சங்கிலி ஆகியவை தேவை. வழியில் உணவும் நீரும் தருவது உடையவர் பொறுப்பு. வண்டி புறப்படும் நேரத்தில் ஓடி வாராதீர்கள். எழுத்தருக்கும் கை இரண்டுதான்.

நாய்ப்பெட்டி இருளும் இரைச்சலும் உள்ளது. பெட்டியையே அறியாத நாய் அதில் படும் பாடு சொல்லத் தரமன்று. ஆகவேதான் முதல் நாளே மூலையில் ஒரு பெட்டியை வைக்கச் சொன்னோம். அதனுள் உண்டு, உறங்கி, கதவைச் சில நிமிடம் அடைத்தாலும் அமைதியாக இருக்கப் பழகிய குட்டி, வளர்ந்த பின் பயணத்தைப் பொறுத்துக்கொள்ளும். பதிவுக்கு வரும்போது அதன் பழைய புடைவைத் துணியையும் உடன் கொண்டு வாருங்கள். சிறியதாயின் உள்ளே போட இடமுண்டு. ஏற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்தி, நடைமேடைக்கு வெளியே ஒரு சுற்று நடத்திச் சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். வண்டி நெடுநேரம் நிற்கும் நிலையங்களை முன்பே குறித்துக்கொண்டு, அங்கெல்லாம் இறங்கிச் சென்று, கார்டின் இசைவு பெற்று நீர் காட்டி, ஒரு முறை பெயர் சொல்லி அழைத்துவிட்டு வாருங்கள்.